சாராயத்துக்கு டொக்டர் எழுதிய துண்டு

பிள்ளைகளே, உங்கள் சித்தப்பா வாசல்படியில் உட்கார்ந்து, கைபேசியைக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு ஓர் ஊதுகுழல் இசையைக் கேட்பாரே, அதை நீங்கள் கேலி செய்கிறீர்கள். "வார்த்தையே இல்லாத பாட்டு" என்கிறாள் சின்னவள். "தப்பு மேளம் அடிக்கிறவருக்கு எதுக்குப்பா அமெரிக்கா பாட்டு?" என்று பெரியவள் போன வாரம் கேட்டாள். நான் பதில் சொல்லாமல் தேயிலைப் பெக்டரிக்குப் போய்விட்டேன். பதில் எனக்குத் தெரியும். வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். நடந்ததை மட்டும் திருத்தாதீர்கள்.

கொரோனா ஊரடங்குக் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. தலவாக்கலை பஸ் ஓடவில்லை. ஆனால் தேயிலைக் கொழுந்து துளிர்ப்பது நிற்காதே, அதனால் எங்களுக்கு மட்டும் வேலை இருந்தது. சாராயக் கடைகளையும் பூட்டிவிட்டார்கள். அது நல்லது என்றுதான் உங்கள் அம்மா சொன்னாள். நானும் சொன்னேன். நான் குடிக்காதவன், எனக்கு அதில் நட்டமில்லை. உங்கள் சித்தப்பாவுக்கு இருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பித்த மாஸ்டரும் அப்போது ஊருக்குப் போக வழியில்லாமல் குவாட்டர்ஸிலேயே மாட்டிக்கொண்டார். பேச ஆளில்லாமல், பின்னேரத்தில் முகக்கவசத்தோடு தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்துக் கல்லில் வந்து உட்காருவார். நாங்கள் தள்ளித் தள்ளி நிற்போம். ஒருநாள் கடை பூட்டியதைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அமெரிக்காவிலயும் ஒரு காலம் இப்பிடித்தான்" என்றார் மாஸ்டர். "நாடு முழுக்கச் சாராயமே கூடாதெண்டு சட்டம் போட்டவங்கள். பதின்மூண்டு வருசம்."

"அப்ப குடி நின்னுச்சா மாஸ்டர்?" என்று கேட்டார் நம் லயத்து வரிசையில் பக்கத்துக் காம்பிராக்காரர். நீங்கள் தாத்தா என்று கூப்பிடுவீர்களே, அவர்தான். எனக்கு மாமா முறை.

"எங்க நிக்கிறது! முன்கதவைப் பூட்டினாங்கள், பின்கதவு கூடிப்போச்சுது."

அதன்பிறகு நாலைந்து நாள் அதே கதைதான். நிலத்துக்குக் கீழே ஒளித்து நடத்திய குடிக்கடைகள். கதவில் ஒரு சின்னத் துவாரம், அதில் ஒரு கண் வந்து பார்க்கும், சொல்ல வேண்டிய சொல்லைச் சொன்னால்தான் திறக்கும். அதுவரை குடிக்கடைப் பக்கமே போகாத பெண்கள்கூட முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டு ஆடப் போனார்களாம். கடத்திக் கொண்டுவந்து விற்றவர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து ஒருவரையொருவர் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளினார்கள். பொலிஸ் ஒரு கையால் பிடித்தது, மறுகையை நீட்டியது. மாஸ்டர் சொல்லும்போது எங்களுக்குப் படம் பார்ப்பதுபோல இருந்தது.

"டொக்டர் மருந்துத் துண்டு எழுதித் தந்தா மருந்துக்கடையில விஸ்கி வாங்கலாம், தெரியுமோ?" என்றார் ஒருநாள்.

எல்லோரும் சிரித்தோம். "நம்ம தோட்டத்து மருந்துக்காரய்யா பனடோல் மாத்திரையத் தவிர வேற எழுத மாட்டாரே!" என்றார் மாமா.

"இன்னுமொண்டு. சட்டம் வாறதுக்கு முன்னம் வாங்கி வீட்டில அடுக்கி வச்சிருந்தா அதைக் குடிக்கலாம். அது குற்றமில்லை. பணக்காரர் எல்லாம் நிலவறை நிறைய வச்சிருந்தவை."

"அப்ப ஏழைக்குத்தான் தாகம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார் மாமா.

அந்த ஒளிப்புக் கடைகளில் இசை வாசித்தவர்களைப் பற்றி மாஸ்டர் சொன்னது வேறொரு நாள். "வாசிக்கிறவை கனபேர் கறுத்த ஆக்கள். கேக்கிறவை வெள்ளைக்காரர். சில இடங்களில வாசிக்கிறவை பின்கதவாலதான் வரவேணும். வாசிச்சு முடிய, அந்த மேசையளில இருந்து ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டாங்கள்."

உங்கள் சித்தப்பா சொன்னார்: "அப்ப நம்ம ஆளுங்கதான் மாஸ்டர்."

யாரும் சிரிக்கவில்லை. சாவுக்கும் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் அவர் தப்பு இல்லாமல் நடக்காது. ஆனால் பந்தியில் அவருக்கு எங்கே இலை போடுவார்கள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். மாஸ்டர் கைபேசியை எடுத்து அந்தக் காலத்து இசை ஒன்றைப் போட்டார். கீறல் விழுந்த சத்தம். ஊதுகுழல் ஒன்று அழுவதுபோலத் தொடங்கி, பிறகு யாரையோ துரத்திக்கொண்டு ஓடியது. உங்கள் சித்தப்பா வீட்டுக்குள் ஓடிப்போய்த் தப்பை எடுத்துவந்தார். பனியில் தோல் தளர்ந்திருந்தது. பழைய பேப்பரைக் கொளுத்தி அதில் காட்டி, முறுக்கேற்றி, அந்தக் குழலோடு சேர்ந்து அடித்தார். முதலில் இடறியது. மூன்றாந்தரம் போட்டபோது இரண்டும் ஒன்றாகிவிட்டன. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உங்கள் சித்தப்பாவை அவ்வளவு சந்தோசமாக அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

மாஸ்டர் சொன்ன கடைசிக் கதை யாருக்கும் பிடிக்கவில்லை. மேசை நாற்காலிக்குப் பொலிஷ் போடுகிற ஸ்பிரிட்டை யாரும் குடிக்கக் கூடாது என்று அமெரிக்க அரசாங்கமே அதில் நஞ்சைக் கலக்கவைத்ததாம். அதையும் எடுத்துக் கலந்து விற்றார்களாம். "குடிச்சவைக்குக் கண் போச்சுது. கனபேர் செத்தும் போச்சினம்." அப்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கலைந்துவிட்டோம்.

இனி உங்களிடம் மறைத்ததைச் சொல்கிறேன். மாமா கள்ளச்சாராயம், கசிப்புக் காய்ச்சினார். மேல்மலையில் கொழுந்து எடுக்காமல் காடாகிவிட்ட இடத்தில் அடுப்பு. கொத்மலை நீர்த்தேக்கம் அங்கிருந்து ஒரு தகரத்துண்டுபோலத் தெரியும். வயதாகித் தோட்டத்து வேலையில் பேர் நீக்கி, வருகிற பணம் ஒரு முருங்கைக்காய் வாங்கவும் போதாத மனிதர் அவர். உங்களைத் தூக்கி வளர்த்தவர். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதமாட்டேன். மாஸ்டரின் கதை வந்தபிறகு லயத்தில் அந்த இடத்துக்கு அமெரிக்கா என்றே பேர் வைத்துவிட்டார்கள். "எங்கடா கெளம்பிட்ட?" என்றால் "அமெரிக்காவுக்கு" என்பார்கள்.

ரோட்டு வளைவில் மதகுமேல் உட்கார்ந்து தப்பு பழகுவதுபோல அடித்துக்கொண்டிருப்பது உங்கள் சித்தப்பாவின் வேலை. பொலிஸ் ஜீப் கீழே தெரிந்தால் சாவுக்கு அடிக்கிற அடிக்கு மாறுவார். மேலே உள்ளவர்கள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவிடுவார்கள். கூலி, இரண்டு கிளாஸ். எனக்குத் தெரியும். தெரிந்தும், 'பாவம், தப்புக்கும் வேலையில்லாத காலம்' என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் பொலிஸ் ஜீப்பில் வரவில்லை. பின்பக்கத்தால் தேயிலைக்குள்ளே நடந்து வந்தது. ஆட்கள் தப்பித்தார்கள். பொலிஸ்காரர்கள் கசிப்புக்குக் கோடா ஊறின பீப்பாய்களைக் கவிழ்த்து, பானையை உடைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த நாளைக்கு என்று மாமாவிடம் சொல்லிவைத்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். அவரிடம் சரக்கு இல்லை. பரணில் ஒரு கேன் இருந்தது. கோயில் கதவுக்குப் பொலிஷ் போட நானும் அவரும் சேர்ந்து வாங்கின ஸ்பிரிட்டில் மிச்சம். அதில் தண்ணீரும் இஞ்சியும் எலுமிச்சையும் கலந்தார். பின்னேரம் உங்கள் சித்தப்பாவைக் கூப்பிட்டு, "நீ மொதல்ல குடிச்சுப் பாரு, எப்படி இருக்குன்னு சொல்லு" என்று கொடுத்தார். இவர் இரண்டு கிளாஸையும் குடித்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது என்று வந்து படுத்துவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது.

மறுநாள் பத்து மணி இருக்கும். காலையில் பேர் பதியும் பெரட்டு முடிந்து, நான் பெக்டரியில் முதல் வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்க வந்தேன். நல்ல வெயில். எதிர்மலைக் கோயில் கொடிகூடப் பளிச்சென்று தெரிந்தது. உங்கள் சித்தப்பா வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாந்தி எடுத்திருந்தார்.

"என்னண்ணே, இன்னைக்குப் பனி இன்னும் கலையலையா?" என்றார்.

நான் மலையைத் திரும்பிப் பார்த்தேன். "எங்கடா பனி?"

"எங்க பாத்தாலும் வெள்ளையா இருக்கே."

குனிந்து பிடித்தபோது அவர் சட்டையில் ஒரு வாசம். புதுக்கதவு வாசம். அந்த வாசம் எனக்குத் தெரியும், இரண்டு நாள் அந்தக் கோயில் கதவைத் தேய்த்தவன் நான். மூக்குக்குத் தெரிந்துவிட்டது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. மாமாவைப் பார்த்தேன். அவர் முகம் சாம்பலாக இருந்தது. அதற்குள் லயத்தில் பாதிப்பேர் கூடிவிட்டார்கள்.

"டின் மீனு சாப்பிட்டாருன்னு சொல்லுங்க" என்றார் ஒருவர். "ஆமா, பழைய டின் மீனு. எல்லாரும் அதையே சொல்லணும். இல்லாட்டி பொலிஸ் வந்து வீட்டுக்கு வீடு ஏறும்."

நம் லயத்தில் அது ஒரு வழக்கம். யாரையாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கும்போதே என்ன சொல்வது என்று பேசி வைத்துக்கொள்வோம். அடிபட்டால் விழுந்தது, பூச்சிமருந்து குடித்தால் வயிற்றுவலி. வெளியாளிடம் உள்வீட்டைத் திறக்கக் கூடாது. நானும் அதில் பிறந்து வளர்ந்தவன்தானே. தலையாட்டினேன்.

ஊரடங்கில் ஓட அனுமதி இருந்தது கொழுந்து லொறிக்கு மட்டும். கொழுந்து மூட்டைகளுக்கு நடுவே அவரைக் கிடத்தினோம். வழி நெடுக என் கையை விடவில்லை. "கண்ணத் தொடச்சு விடுண்ணே, சரியாயிரும்" என்றார். துடைத்தேன். மறுபடி, மறுபடி துடைத்தேன்.

டவுன் ஆஸ்பத்திரியில் இளவயது லேடி டொக்டர். சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். "என்ன சாப்பிட்டது?" என்றார்.

"டின் மீன், மிஸ்."

"கசிப்பு?"

"இல்ல மிஸ். குடிக்கிறதே இல்ல."

இதைச் சொன்னது மாமா இல்லை. லயத்து ஆட்கள் இல்லை. நான். உங்கள் அப்பா. உங்கள் சித்தப்பாவுக்கும் கேட்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாராம், பிறகு சொன்னார்.

டொக்டர் என் கண்ணையே பார்த்தார். பிறகு சேலைன் ஏற்றச் சொல்லிவிட்டு, நிறைந்து கிடந்த வார்டுக்குள் போய்விட்டார். நான் வராந்தாவில் நின்றேன். எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. சேலைன் போத்தல் ஒன்று முடிந்து இன்னொன்று மாட்டும் நேரம். அவர் மூச்சு, ஏற்றத்தில் கொழுந்துக்கூடை தூக்குகிறவர் மூச்சுபோலப் பெரிதாக வர ஆரம்பித்தது.

"அண்ணே, லைட்டைப் போடச் சொல்லு" என்றார்.

அவர் கட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில். வெயில் அவர் முகத்தில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு அப்போதுதான் பீலிக்கரையும், மழையும், மாஸ்டரின் கடைசிக் கதையும் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தன. ஓடினேன். டொக்டர் வேறொருவருக்குக் காயம் கட்டிக்கொண்டிருந்தார். "மிஸ், பொய் சொல்லிட்டேன். டின் மீன் இல்ல. பொலிஷ் ஸ்பிரிட். நேத்து பின்னேரம் குடிச்சான்" என்று தமிழும் சிங்களமுமாகக் கத்தினேன். அவர் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "மாமா வீட்டுக் கேனைக் கொட்டு. யார் தடுத்தாலும் கொட்டு" என்றேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. அன்று பின்னேரம் குடிக்க வந்து காத்திருந்தவர்கள் கண்ணுக்கு முன்னால் காலால் உதைத்துக் கழிவுநீர்க் கானில் கவிழ்த்தாள். "அடியே, எங்க குடியக் கெடுக்குறியே!" என்று ஒருவர் சத்தம் போட்டாராம். "ஒங்க பொண்டாட்டி தாலியக் காப்பாத்துறேன், போய்யா" என்றாளாம். அந்த ஆட்கள் இன்றைக்கும் நம் வாசலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறார்கள்.

டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். இந்த விஷத்தை அடக்க நல்ல சாராயத்தையே மருந்தாகக் கொடுக்க வேண்டும் என்றார். என் காதை என்னால் நம்ப முடியவில்லை. அவர்களிடம் இருந்தது முதல்தடவைக்குத்தான் போதும். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து மருந்தும் அம்புலன்ஸும் வரும்வரை நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். "சீல் உடைக்காதது. கசிப்பு வேண்டாம். எங்காவது எடுக்க முடியுமா?" ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, சாராயம், ஒரு போத்தல், நோயாளிக்கு மருந்தாக என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தித் தந்தார்.

பீலிக்கரையில் எதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோமோ, அந்தத் துண்டு என் கையில். நாடு முழுக்கக் கடை பூட்டியிருக்கிறது. யாரிடம் இருக்கும்? முன்னமே வாங்கி அடுக்கி வைத்தவர்கள் என்று மாஸ்டர் சொன்னது நினைவில் தட்டியது. தோட்ட மானேஜர் துரையின் பங்களா.

லொறி டிரைவர் ஒன்றும் கேட்காமல் ஓட்டினார். குறுக்குப்பாதையில் ஏறி, பங்களாவின் முன்பக்கம் போகப் பயந்து, குசினிப் பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். சின்ன ஜன்னல் ஒரு விரல் அளவு திறந்தது. சமையல்கார அண்ணனின் ஒரு கண் தெரிந்தது.

"தொரை டிவிசனுக்குப் போயிட்டாரு. இங்கல்லாம் வரக்கூடாதுப்பா, கொரோனா."

துண்டை நீட்டினேன். "தம்பி சாகப் போறாண்ணே. ஒரு போத்தல். கால்ல விழுறேன்."

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுப்பா."

"தப்பு அடிப்பானே அவன். ஒங்க அம்மா சாவுக்கு மூணு நாள் அடிச்சானே."

ஜன்னல் மூடியது. போய்விட்டார் என்றே நினைத்தேன். அந்தக் குசினி வாசலில் நின்று, சத்தம் வராமல் அழுதேன். பிறகு ஜன்னல் அகலமாகத் திறந்தது. ஒரு முழுப்போத்தல், சீலோடு, துவாயில் சுற்றி வந்தது.

"தொரை கேட்டா நான் குடிச்சுட்டேன்னு சொல்லிக்கிறேன். ஓடு."

அந்தப் பொய்க்காக அவருக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை சொல்லமாட்டேன் என்கிறார். அடுத்த மாதம் அவரைப் பங்களாவிலிருந்து எடுத்து, மலைக்கு வேலைக்குப் போட்டார்கள். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

டவுன் சந்தியில் பொலிஸ் லொறியை மறித்தது. "கொஹெத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்டபடியே ஒருவர் துவாயை விரித்தார். போத்தலைக் கண்டதும் முகம் மாறியது. துண்டைக் கொடுத்தேன். வாசித்தார். "சாராயத்துக்கும் துண்டா?" என்று சிங்களத்தில் சிரித்தார். மறுபடி வாசித்தார். சிரிப்பு நின்றது. போத்தலை அவரே துவாயில் சுற்றி என் மடியில் வைத்து, தடுப்பை விலக்கினார்.

மூக்கால் குழாய் விட்டு அதைக் கொடுத்தார்கள். என் வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத நான், ஒவ்வொரு தடவையும் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றேன், உள்ளே போ, உள்ளே போ என்று சொல்லிக்கொண்டு. அம்புலன்ஸ் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். உயிர் தங்கியது.

கண் தங்கவில்லை. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். உங்கள் முகம் தெரியாது. பிறகு ஒருநாள் அந்த லேடி டொக்டரைப் போய்ப் பார்த்தேன். வந்தவுடனே சொல்லியிருந்தால் கண் பிழைத்திருக்குமா என்று கேட்டேன். "தெரியாது" என்றார். நான் போக எழுந்தபோது, "இருக்கலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தையோடுதான் நான் ஒவ்வொரு நாளும் பெக்டரிக்குப் போய் வருகிறேன்.

மாமாவைப் பொலிஸ் கொண்டுபோனது. பேரைச் சொன்னது நான்தான். திரும்பி வந்தபிறகு அவர் நம் வீட்டுப் பக்கம் முகம் கொடுப்பதில்லை. அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் இடையில் ஒரு செங்கல் சுவர்தான். அவர் இருமுவது எனக்குக் கேட்கும். மாஸ்டர் மாற்றலாகிப் போகும்போது அந்த இசையை உங்கள் சித்தப்பாவின் கைபேசியில் போட்டுக் கொடுத்துவிட்டு, "நான் அந்தக் கதையளைச் சொல்லாமலே விட்டிருக்கலாம் அண்ணை" என்றார். "இல்ல மாஸ்டர், நான்தான் அந்தக் கதைய நேரத்தோட நெனைக்காம விட்டுட்டேன்" என்றேன்.

உங்கள் சித்தப்பா என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து ஒரே கேள்விதான் கேட்பார். "பனி கலைஞ்சிருச்சாண்ணே?" நான் மலையைப் பார்த்து, கலைந்திருந்தால் கலைந்தது என்பேன், இல்லையென்றால் இல்லை என்பேன். நான் பெக்டரிக்குப் போனபிறகு உங்களிடம் கேட்பார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஓடாதீர்கள். வெளியே வந்து, மலையைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.